வாக்குப்பெட்டி வராத வருசங்கள்: தீவகமும் உள்ளூராட்சித் தேர்தலும்

2022 மே 5ஆம் திகதி லண்டனிலிருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு பள்ளிக்கூட வாசல், வாக்களிப்பு நிலையம் என்று ஒரு பலகை, பக்கத்தில் சிரிச்சுக்கொண்டு அவள். லண்டனுக்குப் போய் மூன்று வருசம்தான். கையில் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. ஆனாலும் பொதுநலவாய நாட்டுப் பிரசைகள் அங்கே சட்டப்படி வசித்தால் வாக்காளராகப் பதியலாம், உள்ளூர்ச் சபைக்கும் வாக்குப் போடலாம், பாராளுமன்றத்துக்கும் போடலாம். அவள் இருந்தது ஹரோவில். அடுத்த நாள் முடிவு வந்தது: 55 ஆசனங்களில் கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24. லேபர் கையில் இருந்த சபை மாறிவிட்டது.

வேலணையில் இருக்கிற அம்மம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டினேன்.

"சபை மாறினா அங்க என்ன மாறும்?"

"குப்பை எடுக்கிற நாள், றோட்டு, வாசிகசாலை, கார் விடுறதுக்குக் கட்டுற காசு, இப்பிடியானதுகள்."

"இஞ்சையும் அதுகள்தானே," எண்டா. கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு விரலை மடிக்கத் தொடங்கினா. "வீ.சீ.க்குப் போட்டது ஞாபகம் இருக்கு. பிறகு யுத்தம் முடிஞ்சு ஒருக்கா. பிறகு மைத்திரி காலத்தில ஒருக்கா." அதோட விரல் நின்றுவிட்டது.

அவ சொன்னது சரியா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரைக்கான தேடல் தொடங்கியது. பார்த்தால், அவவின் விரல் பிழைவிடவில்லை. 1981க்குப் பிறகு இன்றுவரை தீவகத்து மக்கள் தங்கள் ஊர்ச்சபைக்கு வாக்களிக்கக் கேட்கப்பட்டது நான்கே தடவைகள்: 1998, 2011, 2018, 2025. இதில் 1998இல் அம்மம்மா இடம்பெயர்ந்து வேறு இடத்தில் இருந்தா. 2025 அந்தப் படம் வந்த காலத்தில் இன்னும் வரவில்லை. அதே காலத்தில் ஹரோ மக்கள் 1982இல் தொடங்கி நாலு வருசத்துக்கு ஒருக்கா, ஒரு தவணையும் தவறாமல், 2022 வரை 11 தடவை வாக்களித்திருக்கிறார்கள்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தேர்தல் முடிவு வரும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்தில் ஒரு கதை வரும். கம்பஸிலும் கேட்டிருக்கிறேன், முகப்புத்தகத்திலும் வாசித்திருக்கிறேன்: "தீவார் எப்பவும் வீணைக்குத்தான் போடுவினம். விலைபோன சனம்." தீவகத்திலிருந்து வந்து பட்டினத்தில் படிக்கிற எவருக்கும் இந்தப் பேச்சுப் பழகியிருக்கும். முடிவுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அப்படித் தோன்றலாம். ஆனால் முடிவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வாக்குப்பெட்டி எப்ப வந்தது? அப்ப ஊரில் யார் இருந்தது? வந்து பிரசாரம் செய்ய யாரால் முடிந்தது?

வாலிபர் காங்கிரசும் வீ.சீ.யும்

தீவகத்தின் வாக்குரிமைக் கதை ஒரு வராத வாக்குப்பெட்டியோடுதான் தொடங்குகிறது. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 21 வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு. அதே யாப்பு சுயராச்சியத்தைத் தரவில்லை என்று சொல்லி, ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கேட்டது. வடக்கில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934இல்தான் அந்த இடங்கள் நிரப்பப்பட்டன. ஊர்காவற்றுறையிலிருந்து நெவின்ஸ் செல்வதுரை போனார்.

வாலிபர் காங்கிரசின் இலட்சியத்தில் பிழை காணுவது லேசல்ல. சாதிக்கு எதிராகவும் முழுச் சுதந்திரத்துக்காகவும் அவர்கள் பேசிய அளவுக்கு அந்த நேரத்தில் இலங்கையில் பேசியவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பகிஷ்கரிப்பால் முதன்முதலாக வாக்குப் போட இருந்த பெண்களும், சொத்தும் படிப்பும் இல்லாததால் அதுவரை வாக்கு மறுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் மூன்று வருசம் காத்திருக்க வேண்டி வந்தது. அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்களைப் போல இளம் ஆக்கள் கூடி முடிவெடுக்கிற இடங்களில் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

ஊர் மட்டத்தில் அம்மம்மா சொல்லும் 'வீ.சீ.' என்பது கிராமசபை. அதன் வேர் 1871ஆம் ஆண்டின் கிராமச் சங்கச் சட்டம் வரை போகும். நெடுந்தீவு, புங்குடுதீவு போன்ற ஊர்களுக்குத் தனித்தனிக் கிராமசபைகள் இருந்தன. ஒழுங்கை, கிணறு, குளம், சந்தை, தெருவிளக்கு என்று கைக்கெட்டிய வேலைகள். சேர்மன் எந்த வளவில் இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும், கோவம் வந்தால் நேரே போய்ப் படலையில் நின்று ஏசலாம். அதற்காக அதை ஒரு பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஏசுகிற உரிமையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. யாருடைய ஒழுங்கைக்கு முதலில் கல் விழும், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்பதில் சாதிதான் பேசியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீவுகளில் பெரிய வேலைகள் பல சபையை நம்பி நடக்கவில்லை. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாலம் இன்றும் வாணர் பாலம் என்றுதான் அழைக்கப்படுகிறது. அதற்காகப் பாடுபட்ட அம்பலவாணர் சகோதரர்களின் பெயர் அது. ஊரைவிட்டு வெளியே போய் உழைக்கிறவர்களின் காசும் செல்வாக்கும்தான் ஊரின் பெரிய வேலைகளைச் செய்யும் என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ ஊர்ச்சங்கங்கள் அதன் தொடர்ச்சி.

'எப்பவும்' எண்டது எப்ப?

தீவார் எப்பவும் அரசோடு நிற்பவர்கள் என்ற கதைக்குப் பதில் பழைய பாராளுமன்ற முடிவுகளிலேயே இருக்கிறது. ஊர்காவற்றுறைத் தொகுதியில் 1947இலும் 1952இலும் வென்றவர் ஏ. எல். தம்பிஐயா. 1956இல் தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. கந்தையா. 1963 இடைத்தேர்தலில் அதே கட்சியின் வி. நவரத்தினம், 1965இலும் அவரே. பிறகு அவர் கட்சியைவிட்டுப் பிரிந்து, சமஷ்டி போதாது, தமிழருக்குச் சுயாட்சி வேண்டும் என்று 1970இல் தனித்து நின்றார். தோற்றார். தீவக மக்கள் தமிழரசுக் கட்சியோடேயே நின்றார்கள், பண்டிதர் கா. பொ. இரத்தினம் வென்றார். 1977இல் தனிநாட்டை முன்வைத்து உதயசூரியனில் கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் அவர்தான் இங்கே வேட்பாளர், மீண்டும் வென்றார்.

ஆக 1956 முதல் 1977 வரை ஒரு தேர்தலிலும் ஊர்காவற்றுறை தமிழ்த் தேசியக் கட்சியைக் கைவிடவில்லை. 'எப்பவும்' என்கிறவர்களுக்கு 1977க்கு முதல் ஒரு வரலாறு இல்லை.

பதினேழு வருசம்

1980இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு அபிவிருத்திச் சபைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஒரு சபை. அதிகாரப் பரவலாக்கம் என்று சொன்னார்கள். ஆனால் அதே சட்டம் நாடு முழுவதும் இருந்த கிராமசபைகளையும் பட்டின சபைகளையும் இல்லாமல் செய்தது. நகரங்களின் மாநகர சபை, நகர சபைகள் தப்பின. தீவகத்தின் கிராமசபைகளும் அதோடு போயின.

யாழ். மாவட்ட சபைத் தேர்தல் 1981 யூன் 4ஆம் திகதி. அதற்கு நாலு நாளுக்கு முதல், மே 31 இரவு தொடங்கி, யாழ். நூலகம் எரிந்தது. அந்தச் சூழலிலும் மக்கள் வாக்களித்தார்கள். 10 ஆசனமும் கூட்டணிக்கு. ஆனால் காசும் அதிகாரமும் இல்லாத அந்தச் சபையால் ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் மாவட்டத்துக்கு 10 பேர், நெடுந்தீவில் ஒரு ஒழுங்கை உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் தீவகத்தோடு மட்டும் நிற்கிறேன். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது, 1991இல் தெற்கில் அதற்குத் தேர்தலும் நடந்தது. இங்கே யுத்தம். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கத்தில் பிடிபட்டுக் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இன்றும் பதிலில்லாமல் இருக்கிறார்கள். 1991 ஒக்டோபரில் தீவுகள் மறுபடி இராணுவத்தின் கைக்குப் போயின. யாழ்ப்பாணம் புலிகளிடம், தீவுகள் படையினரிடம். பண்ணைப் பாலம் ஒரு எல்லையாக மாறியது.

அந்த நாள்களில் யார் ஊரில் மிஞ்சியது? எங்கள் குறிச்சியில் பெரியாக்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் கொழும்புக்குப் போனார்கள். பிள்ளை பிரான்சில் இருந்தால் பிரான்சுக்கு. இந்தியாவுக்கு வள்ளம் ஏறக் காசிருந்தவர்கள் மண்டபம் முகாமுக்கு. மிச்சப் பேர் யாழ்ப்பாணத்துக்கு. ஏலாத கிழவன் கிழவியும், கடலைவிட்டால் வேறு சீவியம் தெரியாதவர்களும், போக வழியில்லாதவர்களும் நின்றார்கள். அவர்களுக்கு அரிசி எப்படி வரும், மண்ணெண்ணெய் எப்படி வரும், ஆஸ்பத்திரிக்கு எந்தப் படகில் போவது, பாஸ் யார் தருவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை படையினரிடமும், அவர்களோடு தீவுகளில் நிலைகொண்ட ஈ.பி.டி.பி.யிடமும்தான் இருந்தது.

10,744

1994 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தல் உள்ளூராட்சித் தேர்தல் அல்ல. ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. யாழ். மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் கிட்டத்தட்ட ஆறு இலட்சம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டில் வாக்களிப்பே இல்லை. சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி. பெற்றது 10,744 வாக்குகள். அதற்குக் கிடைத்தது மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9. மற்ற ஒன்று, பெரும்பாலும் 1990இல் புலிகள் வெளியேற்றிய யாழ்ப்பாண முஸ்லிம்களின் வாக்குகளால், முஸ்லிம் காங்கிரசுக்கு.

அந்த 10,744இல் மிகப் பெரும்பகுதி தீவகத்து வாக்கு. ஊரில் மிஞ்சியிருந்த சில ஆயிரம் பேர் ஒரு மாவட்டத்தின் முழுப் பிரதிநிதித்துவத்தையும் தீர்மானித்ததாக ஆகிவிட்டது. 'தீவார் வித்துப்போட்டினம்' என்ற கதையின் பிறப்பு இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஆறு இலட்சம் பேரை வாக்களிக்க விடாமல் செய்தது தீவார் அல்ல. அரிசியும் படகும் ஒரு கையில் இருக்க, அந்தக் கைக்கு வாக்குப் போட்டவர்களை மட்டும் பிடித்துக் கேள்வி கேட்பது எங்களுக்குச் சுகமாக இருக்கிறது.

1998: போட்டி இருந்தது, பாதுகாப்பு இல்லை

1998 ஜனவரி 29. குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்து இரண்டு வருசத்துக்குள் யாழ். மாவட்டத்தின் உள்ளூராட்சிச் சபைகளுக்குத் தேர்தல். தீவக மக்கள் பிரதேச சபை என்ற ஒன்றுக்கு வாக்களித்தது இதுதான் முதல் தரம். புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள். சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்திருந்தது. தீவகச் சபைகள் ஈ.பி.டி.பி.யின் கைக்குப் போயின. யாழ். மாநகரத்தில் கூட்டணி முன்னுக்கு வந்து சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார். மே 17இல் அவர் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மேயர் கதிரையில் இருப்பதே உயிராபத்து என்றால் பிரதேச சபைக்கு வேட்புமனுக் கொடுக்க எந்த வீட்டில் விடுவார்கள்?

மறுபக்கமும் இருக்கிறது. 2001 நவம்பர் 28இல், பாராளுமன்றத் தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்க, தீவகத்துக்குப் பிரசாரத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயப்பட்டார்கள். அந்த வழக்கில் ஈ.பி.டி.பி.யைச் சேர்ந்தவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு யாழ். மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2016இல், 15 வருசம் கழித்து. இடைப்பட்ட அந்த 15 வருசத்தில் நடந்த ஒவ்வொரு தேர்தலிலும், தீவகத்தில் வேறு கட்சிக்கு வேலை செய்ய நினைத்தவனுக்கு நாரந்தனை ஞாபகம் வந்திருக்கும்.

1998இல் வந்த சபைகளின் காலம் முடிந்த பிறகும் தேர்தல் வரவில்லை. 2006இல் நாட்டின் மற்றப் பகுதிகளில் நடந்தபோதும் இங்கே ஒத்திவைக்கப்பட்டது. அல்லைப்பிட்டியில் அந்த வருசம் மே மாதம் வீட்டுக்குள் புகுந்து பலரைச் சுட்டார்கள். ஓகஸ்டில் தேவாலயத்தில் தஞ்சமிருந்த மக்கள்மேல் செல் விழுந்தது, அதற்குப் பிறகு பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமல் போனார். அந்த ஊரில் தேர்தலைப் பற்றிக் கதைக்க ஆள் இருந்திருக்காது.

2011: மூன்று சபை

யுத்தம் முடிந்து, 2011 யூலை 23இல் வாக்குப்பெட்டி திரும்பி வந்தது. யாழ். மாவட்டத்தில் 16 சபைகளுக்குத் தேர்தல். 13இல் வீட்டுச் சின்னம் வென்றது. மிச்ச மூன்று வெற்றிலைக்கு, அதாவது ஈ.பி.டி.பி. சேர்ந்து கேட்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு. அந்த மூன்று: வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு.

அடுத்த நாள் பத்திரிகைகளில் இதை வாசித்தவர்களுக்குத் தீவகம் வேறொரு நாடாகத் தெரிந்தது. ஆனால் காரைநகரும் தீவுதான், அங்கே வீடு வென்றது. என்ன வித்தியாசம்? காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கத்தால் நேரே தெரு இருக்கிறது, குடாநாட்டு ஆக்கள் காலையில் போய்ப் பிரசாரம் செய்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வரலாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். எதிர்க்கட்சி வேட்பாளர் அங்கே போய் இறங்கினால் திரும்புவதற்கும் அடுத்த படகைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தேர்தலுக்கு முதல் யூன் மாதம் குடாநாட்டின் நடுவில், அளவெட்டியில் நடந்த கூட்டமைப்பின் கூட்டத்திலேயே இராணுவத்தினர் புகுந்து அடித்தார்கள். தீவில் என்ன துணிவு இருக்கும்?

இதை எழுதும்போது எனக்கே ஒரு தயக்கம் உண்டு. தீவக மக்கள் பயத்தால் மட்டும் வாக்களித்தார்கள் என்று சொன்னால் அதுவும் அவர்களை அவமதிப்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு கடற்றொழில் செய்யும் ஐயா நேராகவே சொன்னார்: "தம்பி, வீடு வீடெண்டு போட்டம். வீட்டுக்காரர் எலக்‌ஷனுக்கு மட்டும்தான் வருவினம். உவங்கள் கெட்டவங்களோ நல்லவங்களோ, கூப்பிட்ட நேரம் படகு தந்தவங்கள்." மகனுக்கு வேலை, வீட்டுத் திட்டத்தில் பெயர், படகுக்கு இயந்திரம். இது சலுகை அரசியல்தான். ஆனால் ஊர்ச்சபை என்பதே அன்றாடத் தேவைகளுக்கானது. அந்தத் தேவையை இருபது வருசம் ஒரே ஒரு கை மட்டும் தொட்டிருந்தால் வாக்கு எங்கே போகும்?

2018: வட்டாரம் திரும்பி வந்தது

2018 பெப்ரவரி 10 தேர்தல் புது முறையில் நடந்தது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு. 2011இல் விகிதாசார முறை மட்டும் இருந்ததால் சபை உறுப்பினர் எந்தத் தீவுக்கும் சட்டப்படி கடமைப்பட்டவர் அல்ல. வேலணைப் பிரதேச சபை என்றால் மண்டைதீவிலிருந்து நயினாதீவு வரைக்கும். ஊர்காவற்றுறைச் சபைக்குள் அனலைதீவும் எழுவைதீவும் அடக்கம். 2018இல் 'எங்கட வட்டாரத்து ஆள்' என்ற பேச்சு திரும்பி வந்தது. அம்மம்மாவின் வீ.சீ. கொஞ்சம் திரும்பி வந்தது போல.

இன்னொரு மாற்றமும் உண்டு, அதைப் பற்றி எவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. பாராளுமன்றத் தேர்தல் என்றால் தீவுகளின் பெட்டிகள் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கேதான் எண்ணப்படும். 2018இல் உள்ளூராட்சி வாக்குகள் அந்தந்த இடத்திலேயே எண்ணப்பட்டன. ஊரின் முடிவு ஊரிலேயே தெரிந்தது.

முடிவு? ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வீணை முன்னுக்கு. வேலணையில் வீடு முன்னுக்கு வந்தது. 2011இல் ஒரே நிறத்தில் இருந்த மூன்று சபைகள் பிரிந்தன. கொஞ்சம் பயம் குறைந்து, வேறு ஆக்களும் வட்டாரத்தில் இறங்கி வேலை செய்தபோது முடிவும் அசைந்தது.

ஆனால் புது முறையால் மாவட்டம் முழுவதும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகள் நிறைந்தன. யாழ். மாநகரத்தில் 45இல் வீட்டுக்கு 16, சைக்கிளுக்கு 13, வீணைக்கு 10. 2020 டிசெம்பரில் வி. மணிவண்ணன் மேயரானது ஈ.பி.டி.பி. உறுப்பினர்களின் ஆதரவோடு. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகும் இதே கதை: தமிழரசுக் கட்சி மாவட்டத்தில் முதலாவதாக வந்தது, தனியே ஆட்சியமைக்கப் பல சபைகளில் ஆள் காணாது. அதன் பதில் தலைவர் சி. வி. கே. சிவஞானம் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்து ஆதரவு கேட்டார்.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சபை நடக்க வேண்டும், கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மேயர் கதிரைக்காக நகரத்து அரசியல்வாதி செய்தால் அது 'கள யதார்த்தம்'. ஒரு படகுக்காக நெடுந்தீவுக் கிழவி செய்தால் அது 'விலைபோனது'. இந்த இரட்டைக் கணக்கைத்தான் கேட்கிறேன்.

ஆள் இல்லாத மேசை

2018 சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மார்ச் 9க்கு அறிவித்த தேர்தல், திறைசேரி காசு விடவில்லை என்று நடக்காமல் போனது. அது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் வந்தது 2025 மேயில். இரண்டு வருசத்துக்கு மேலாகச் சபைகளைச் செயலாளர்களும் அதிகாரிகளும் நடத்தினார்கள்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரசபை 2023 செப்டெம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்தது. அரசாங்கம் ஆணையாளர்களை அனுப்பியது. ஆனால் தெரிவான உறுப்பினர்கள் கதிரையில் இருந்தார்கள். மக்கள் அவர்களை ஏசினார்கள், வரி கூடியதற்கும் வாசிகசாலை குறைந்ததற்கும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு ஏசவும் ஆள் இருக்கவில்லை.

ஏச ஆள் இல்லாவிட்டால் என்ன நட்டம்? ஒரு உதாரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம். 2021இல் அது ஒரு சீன நிறுவனத்துக்கு என்றார்கள். இந்தியா கரைச்சல்பட்டது, நின்றது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்ய ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெய்ஜிங், டெல்லி, கொழும்பு எல்லாம் இந்த மூன்று தீவுகளைப் பற்றிக் கதைத்தன. ஒப்பந்தம் எழுதிய அந்த மாதம் நெடுந்தீவுப் பிரதேச சபையில் மக்கள் தெரிவு செய்த ஒரு உறுப்பினர்கூட இல்லை. இருந்திருந்தால் தீர்மானத்தை மாற்றியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காணி போகிறது, யாருக்கு வேலை, மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று சபைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டுக் கூட்டக்குறிப்பில் எழுத வைத்திருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவும் இல்லை.

கடைசியாக

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 திசைகாட்டிக்குப் போனது. 1994 முதல் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா தோற்றார். ஆறே மாதத்தில் உள்ளூராட்சியில் வீடு மறுபடி முன்னுக்கு. அப்போ யாழ்ப்பாணத்தார் 'எப்பவும்' எதற்குப் போடுவார்கள்? யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் தெரிவு இருந்தால் சனம் யோசிக்கும், மாறும். தீவாரும் அப்படித்தான்.

மாவட்டத்துக்கு 10 ஆசனம் இருந்தது 6ஆகக் குறைந்ததிலேயே போனவர்களின் கணக்கு இருக்கிறது. போனவர்களுக்கு இங்கே வாக்கில்லை, வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியும் இல்லை. மச்சாள் ஹரோவில் போடுகிறாள், நல்லது. அவள் பிறந்த வட்டாரத்தில் அந்த வாக்கு ஒன்று குறைந்திருக்கிறது, அதுவும் உண்மை.

2025 மே 6 காலையில் அம்மம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். யாருக்குப் போட்டா என்று கேட்கவில்லை, அவ சொல்லவும் மாட்டா. திரும்பி வரும்போது மை பூசின விரலைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் குச்சொழுங்கையைப் போடச் சொல்லி ஆரிட்டச் சொல்ல வேணும் இனி?" எண்டா. வட்டாரத்தில் நின்றவர்களின் பெயர்களைச் சொன்னேன். "அவன்ர தேப்பனை எனக்குத் தெரியும்," எண்டா ஒருவரைப் பற்றி.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அல்லது வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம், 1981க்கு முந்திய கிராமசபைப் பற்றுச்சீட்டு, தேர்தல் துண்டுப்பிரசுரம், கூட்டக்குறிப்பு, சேர்மன்மாரின் படம் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். ஊர் மலர்களில் கோயில் வரலாறு இருக்கிறது, பள்ளிக்கூட வரலாறு இருக்கிறது. யார் யாருக்கு வாக்குப் போட்டு, எந்த ஒழுங்கைக்கு எப்ப கல் விழுந்தது என்ற வரலாறு அம்மம்மாக்களின் விரல்களில்தான் இருக்கிறது.